சூதாட்ட விடுதியும் அரசாங்கத்தின் கண்ணும்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில், தேர் நிலைக்குப் பின்னால் புளியமரத்தடியில், ஆண்டுதோறும் ஒரு கூட்டம் கூடும். நடுவே ஒரு விரிப்பு. அதன்மேல் லங்கர் கட்டை உருளும். சிறுவனாக இருந்தபோது நானும் அங்கே நின்று வேடிக்கை பார்த்ததுண்டு. கட்டையைவிட என் கண்ணைக் கவர்ந்தது வேறொன்று. இருபதடி தள்ளி, கரும்புச்சாற்றுக் கடை ஓரமாக ஒரு போலீஸ்காரர் நிற்பார். அவர் முகம் எப்போதும் தேரையே பார்த்துக்கொண்டிருக்கும். தேர் நிலைக்கு வந்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் தேரையே பார்த்துக்கொண்டிருக்கும். “ஏனப்பா அவர் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை?” என்று என் தந்தையாரைக் கேட்டேன். “திரும்பினால் பார்க்க வேண்டி வருமே” என்றார் அவர்.

அந்தப் போலீஸ்காரரை நான் மறந்தே போயிருந்தேன். சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் சூதாட்டச் சட்டங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் வணிகவியல் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்தார். “அண்ணா, வெளிநாடுகளில் காசினோக்களுக்கு உரிமம் கொடுத்து, சட்டம் செய்து, அதிகாரிகளை வைத்துக் கண்காணித்து, வரியும் வாங்கி ஒழுங்காக நடத்துகிறார்கள். நாம் மட்டும் ஏன் இன்னும் ‘கூடாது, கூடாது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்?” என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த விடை எனக்கே நிறைவாக இல்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. கேட்டவருக்கு அது விடை ஆகாது. அவர் கேட்டது அறத்தைப் பற்றி அன்று; கண்காணிப்பைப் பற்றி. ஆகவே ஆஸ்திரேலிய நாட்டின் விசாரணை அறிக்கைகளை எடுத்துவைத்துப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், அங்கே சட்டம் இருந்தது, அதிகாரி இருந்தார், தணிக்கை இருந்தது. தவறு நடந்தபோது அதை மூடி மறைக்காமல், சாட்சிகளைப் பொதுவில் நிறுத்தி விசாரித்து, எல்லாவற்றையும் அச்சிட்டு வெளியிடவும் செய்தார்கள். நம் தம்பி சொன்ன ‘ஒழுங்கான’ நாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கதைக்குள் போகுமுன் ஒரு சட்டக் கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காசினோ நடத்துவது எவருக்கும் பிறப்புரிமை அன்று. அரசாங்கம் தரும் சலுகை. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில், சூதாட்டம் அரசியல் சட்டம் பாதுகாக்கும் வாணிகம் ஆகாது என்றே தீர்ப்பளித்தது. உரிமை வேறு, சலுகை வேறு. ஒருவனைச் சிறையில் தள்ள வேண்டுமானால், அவன் குற்றவாளி என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். உரிமத்தைத் திரும்பப் பெற அவ்வளவு வேண்டியதில்லை. ‘நீ இத்தொழிலுக்கு ஏற்றவன்தானா?’ என்ற ஒரு கேள்வியே போதும். ஆஸ்திரேலியச் சட்டங்கள் அனைத்தும் இந்த ‘ஏற்றவர்’ என்னும் சொல்லின் மேல்தான் நிற்கின்றன. கத்தி கூர்மையானதுதான். அதை உறையிலிருந்து எடுத்தவர்கள் யார், எடுக்காதவர்கள் யார் என்பதே நாம் காணப் போகும் கதை.

விக்டோரியா மாநிலம் 1991-இல் காசினோ கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. மெல்போர்ன் நகரில் கிரவுன் என்னும் கம்பெனி 1994-இல் தற்காலிகக் கட்டடம் ஒன்றில் காசினோவைத் தொடங்கி, 1997-இல் யாரா ஆற்றின் தென்கரையில் பெரிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 2,628 சூதாட்ட இயந்திரங்கள் வைத்துக்கொள்ள அதற்கு அனுமதி. ஓட்டல்கள், உணவுச் சாலைகள், அரங்குகள் யாவும் ஒரே வளாகத்தில். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு வேலை. ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் ஒருமுறை ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனியை ஆராய்ந்து, ‘ஏற்றவரா, அல்லரா’ என்று சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆணையமும் தவறாமல் ஆராய்ந்தது. 2018-இல் ஆறாம் முறையாக ஆராய்ந்து, இருபது பரிந்துரைகளைக் கூறி, ‘ஏற்றவரே’ என்று எழுதிற்று.

மூன்றே ஆண்டுகள் கழித்து, அதே கம்பெனியை, ஏற்றதன்று என்று இரண்டு விசாரணைகள் தீர்ப்பிட்டன. 2018-க்குப் பிறகு கெட்டுப்போனதா என்றால் இல்லை. வெளிவந்த செயல்களில் பெரும்பாலானவை 2018-க்கு முன்பே நடந்தவை. காணாமற் போனது ஒழுக்கம் மட்டும் அன்று, பார்வையும்தான்.

என்ன நடந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். ‘கருப்புப் பணம் வெள்ளையாயிற்று’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எவருக்கும் ஒன்றும் விளங்காது.

ஆஸ்திரேலியாவில் 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பாங்கியில் கட்டினால், அச்செய்தி நிதி உளவு இலாகாவுக்குப் போயாக வேண்டும். அந்த இலாகாவின் பெயர் ஆஸ்டிராக். ஆகவே கள்ளப் பணம் வைத்திருப்பவன் என்ன செய்வான்? 9,000, 9,500, 9,900 என்று துண்டு துண்டாக, ஒரே நாளில் பல கிளைகளில் கட்டுவான். பாங்கித் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வார்கள். கிரவுனுக்கு சவுத்பாங்க் இன்வெஸ்ட்மென்ட்ஸ், ரிவர்பாங்க் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்று இரண்டு சிறு துணைக் கம்பெனிகள் இருந்தன. பெயரைப் பார்த்தால் காசினோ என்று தெரியாது. பெரும் பணக்கார ஆட்டக்காரர்கள் தங்கள் பணத்தை அவற்றின் கணக்கில் கட்டுவார்கள். அங்கே இந்தத் துண்டுக் கட்டணங்கள் வந்து விழுந்தவண்ணம் இருந்தன. பாங்கிகளே சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டன. கணக்கை மூடிய பாங்கியும் உண்டு. ஆயினும் கம்பெனிக்கு உறைக்கவில்லை. அதனினும் மேலாக ஒன்று நடந்தது. கிரவுன் ஊழியர்கள் தங்கள் பேரேட்டில் பதியும்போது, துண்டு துண்டாக வந்த தொகைகளைக் கூட்டி ஒரே தொகையாக எழுதிவிட்டார்கள். கள்ளத்தின் அடையாளமே துண்டுகள்தாம். கூட்டியெழுதியதும் அடையாளம் அழிந்தது. பேரேட்டைத் திறந்து பார்க்கும் தணிக்கையாளர் எவராயினும் அங்கே ஒரு கண்ணியமான பெரிய தொகையைத்தான் கண்டிருப்பார். வணிகவியல் மாணவர்கள் இந்த ஒரு செய்தியை மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பேரேட்டில் எந்த எண்ணும் பொய் இல்லை, பேரேடு பொய்.

அடுத்தது தரகர்கள். சீன நாட்டில் சூதாட்டம் குற்றம். பணத்தை வெளியே கொண்டுபோகவும் கட்டுப்பாடு உண்டு. அங்குள்ள செல்வர்களை அழைத்து வந்து, கடன் கொடுத்து, ஆடவைத்து, கடனை வசூலித்துக் கமிஷன் பெறும் தரகுக் கூட்டங்களுக்கு ‘ஜங்கெட்’ என்று பெயர். அவற்றில் பெரியது மக்காவைச் சேர்ந்த சன்சிட்டி. மெல்போர்ன் காசினோவுக்குள்ளேயே அதற்கென்று தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். 2018-இல் அந்த அறையின் அலமாரியில் 56 லட்சம் டாலர் ரொக்கம் இருந்தது. நம் ஊர்ப் பாங்கிக் கிளை ஒன்றில் இவ்வளவு ரொக்கம் ஒருசேர இருக்குமா என்பதே ஐயம். அத்தரகுக் கூட்டத்தின் தலைவர் ஆல்வின் சாவ் 2021-இல் மக்காவில் கைதாகி, 2023 ஜனவரியில் 18 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சீனத்தில் ஆள் பிடிக்கச் சென்ற கிரவுனின் சொந்த ஊழியர்கள் 19 பேர் 2016 அக்டோபரில் கைது செய்யப்பட்டனர். 2017 ஜூனில் ஷாங்காய் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது; 16 பேர் சிறை சென்றனர். இது உலகம் முழுதும் செய்தித்தாளில் வந்த விஷயம். விக்டோரியா ஆணையமும் 2017-இல் இதைப் பற்றி விசாரணை தொடங்கிற்று. முடிந்தது எப்போது? 2021-இல். ஓர் இளைஞன் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்று வெளியேறும் காலம் அது.

மூன்றாவது செய்தி எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. காசினோவில் அட்டையைக் காட்டிப் பணம் பெற்று ஆடக் கூடாது என்பது விக்டோரியாவின் சட்டம். சீனத்து யூனியன்பே அட்டை வைத்திருப்பவர்களுக்கு என்ன வழி? ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் போவார்கள். அங்கே அறைச் செலவு என்று பில் போட்டு அட்டையில் பணம் எடுப்பார்கள். பிறகு ஒரு சீட்டுக் கொடுத்து, அதைக் காசினோவின் பணக் கூண்டில் காட்டச் சொல்வார்கள். அங்கே ஆடுவதற்குப் பணம் கிடைக்கும். 2012 முதல் 2016 வரை சுமார் 16 கோடி டாலர் இவ்வாறு ‘அறைச் செலவு’ ஆயிற்று! சீனப் பாங்கியை ஏமாற்றியது ஒன்று, விக்டோரியாவின் சட்டத்தை மீறியது மற்றொன்று. ஒரே பில்லில் இரண்டும் முடிந்தன.

இவையெல்லாம் வெளியே வந்தது எப்படி? ஆணையத்தால் அன்று. 2017-இல் பாராளுமன்ற உறுப்பினர் ஆண்ட்ரூ வில்கி, காசினோவின் முன்னாள் ஊழியர்கள் சிலரின் புகாரை அவையில் வெளியிட்டார். இயந்திரங்களின் பொத்தான்களை மறைத்துவைத்து ஆட்டக்காரர்களின் விருப்பத்தைக் குறுக்கினார்கள் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. 17 இயந்திரங்களில் அது நடந்தது உண்மை என்று கண்டு, 2018-இல் ஆணையம் 3 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கிரவுனைப் போன்ற கம்பெனிக்கு அது ஒரு பொழுதின் வருமானத்தில் கரைந்துவிடும். 2019 ஜூலையில் மெல்போர்ன், சிட்னி நாளிதழ்களும் தொலைக்காட்சியும் தரகர்களைப் பற்றியும் கள்ளப் பணத்தைப் பற்றியும் தொடர்ந்து எழுதின. கம்பெனியின் டைரக்டர்கள் சினந்து, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் செய்து எல்லாவற்றையும் மறுத்தார்கள். அந்த மறுப்பிலேயே உண்மைக்கு மாறானவை இருந்தன என்பது பின்னால் விசாரணையில் தெரிந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. முதலில் உண்மையைக் கண்டது மெல்போர்ன் அமைந்த விக்டோரியா மாநிலம் அன்று; அண்டை மாநிலம். சிட்னியில் பாரங்காரு என்னுமிடத்தில் புதிதாக ஒரு காசினோ நடத்தக் கிரவுன் உரிமம் பெற்றிருந்தது. ‘நம் வீட்டுக்கு வரப்போகிறவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்க நியூ சவுத் வேல்ஸுக்குக் காரணம் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பட்ரீசியா பெர்கின் அம்மையாரை நியமித்து, ராயல் கமிஷனுக்குரிய அதிகாரங்களையும் அளித்தார்கள். அம்மையார் ஆவணங்களைக் ‘கேட்கவில்லை’, கொண்டுவரும்படி ஆணையிட்டார். டைரக்டர்களைச் சத்தியப் பிரமாணத்தின்மேல் கூண்டில் நிறுத்தினார். 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது: கிரவுன் ஏற்றவர் அல்லர். அடுக்குமாடி எழும்பி, ஓட்டலும் திறந்தாயிற்று. சூதாட்டக் கூடம் மட்டும் பூட்டியே கிடந்தது.

அண்டை வீட்டார் சொன்ன பிறகு வீட்டுக்காரர் சும்மா இருக்க முடியுமா? அதே மாதம் விக்டோரியாவும் முன்னாள் நீதிபதி ரே பின்கெல்ஸ்டைனை ராயல் கமிஷனராக நியமித்தது. பெர்கின் விசாரணையில்கூட வெளிவராத அந்த ஓட்டல் பில் விவகாரம் இவர் முன்புதான் வெளிப்பட்டது. வரி விவகாரமும் அப்படியே. ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த இலவசச் சாப்பாடு, அறை, கார் நிறுத்தம் ஆகிய செலவுகளை 2012 முதல் ‘பரிசுத் தொகை’ என்று எழுதி, வரி கட்ட வேண்டிய வருமானத்திலிருந்து கழித்துவந்திருக்கிறார்கள். கமிஷன் தோண்டியதும், வட்டியோடு சேர்த்து 6 கோடியே 10 லட்சம் டாலரைக் கம்பெனி கொண்டுவந்து கட்டிற்று. ஏழெட்டு மாதங்களில் ஒரு மனிதர் கண்டதை, கால் நூற்றாண்டாக உட்கார்ந்திருந்த ஆணையம் காணவில்லை.

ஏன் காணவில்லை? இதுதான் என் கட்டுரையின் நடுப்பகுதி.

அதிகாரிகள் எல்லாரும் கையூட்டு வாங்கினார்கள் என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். அப்படி எந்த அறிக்கையும் சொல்லவில்லை. திருவிழாப் போலீஸ்காரரும் ஒருவேளை காசு வாங்கியிருக்க மாட்டார். அவர் கண் திரும்பாததற்கு வேறு காரணம் இருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் அந்த ஆட்டத்தால் வரும் பணத்தில்தான் வாணவேடிக்கை நடத்தினார்கள் என்பதை அவரும் அறிவார்.

விக்டோரியா அரசாங்கத்துக்கும் வாணவேடிக்கை உண்டு. 2014-இல் அரசாங்கம் கிரவுனோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2033-இல் முடிய வேண்டிய உரிமம் 2050 வரை நீட்டப்பட்டது. அதற்கு ஈடாக அரசாங்கத்துக்கு 91 கோடி டாலர் வரை வரும் என்று கணக்கிட்டார்கள். இது போகட்டும். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவைப் பாருங்கள்: அரசாங்கம் பின்னால் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கி, அதனால் கம்பெனிக்கு நஷ்டம் வந்தால், 20 கோடி டாலர் வரை அரசாங்கமே ஈடு கட்ட வேண்டும்! காவற்காரன் கம்பை ஓங்கினால் காவற்காரனுக்கே அபராதம். இதைப் படித்தபோது நான் நூலகத்தில் உட்கார்ந்திருப்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை அன்பர் முறைத்தார்.

அரசாங்கமே பங்காளி ஆகிவிட்ட இடத்தில் ஆணையத்தின் ஊழியர் என்ன செய்வார்? கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார். கம்பெனி வக்கீல்களைக் கொண்டு பதில் எழுதும். பதில் போதாது என்று மறுபடியும் எழுதுவார். காலம் ஓடும். கண்காணிக்கப்படுபவரிடமே உண்மையைக் கேட்டுப் பெறுவது என்று கண்காணிப்பு ஆகிவிட்டது. 2017-இலேயே விக்டோரியாவின் தலைமைத் தணிக்கையாளர், காசினோவில் கள்ளப் பணம் போன்ற ஆபத்தான இடங்களை ஆணையம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று எழுதினார். அதை எழுதி ஓராண்டு கழித்துத்தான் அந்த ஆறாவது ‘ஏற்றவரே’ வந்தது. அக்காலத்தில் ஆணையம் விதிக்கக்கூடிய மிகப் பெரிய அபராதமும் 10 லட்சம் டாலர்தான்.

மேற்கே பெர்த் நகரிலும் கிரவுனுக்கு ஒரு காசினோ உண்டு. அங்கே அமைந்த ராயல் கமிஷன் காசினோவை மட்டும் அன்றி, கண்காணித்தவரையும் சேர்த்து விசாரித்தது. ஆணையத்தின் உறுப்பினர்கள் பகுதிநேர வேலைக்காரர்கள். ஆணையத்துக்கென்று சொந்த ஊழியர் ஒருவரும் இல்லை. காசினோக்களுக்குப் பொறுப்பான தலைமை அதிகாரி, காசினோவின் ஊழியர்கள் சிலரோடு நண்பராகி, அவர்களோடு படகில் மீன்பிடிக்கச் சென்றுவந்தவர் என்பது வெளியாயிற்று. அவர் பெரும் சதிகாரர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்கில் அதே மனிதர்களோடு வாரந்தோறும் பேசினால் நட்பு வளரத்தானே செய்யும்? ஆனால் நண்பரின் அலமாரியைத் திறந்து பார்க்க எவருக்குக் கை எழும்? 2022 மார்ச்சில் அந்தக் கமிஷனும் கிரவுன் ஏற்றவர் அல்லர் என்றே முடிவு கூறிற்று.

இனி மெல்போர்னுக்குத் திரும்புவோம். பின்கெல்ஸ்டைனின் அறிக்கை 2021 அக்டோபரில் வெளியாயிற்று. கிரவுனின் நடத்தை சட்டத்துக்குப் புறம்பானது, நேர்மையற்றது, மக்களைச் சுரண்டுவது என்று சொல்லக் கூசும் அளவுக்கு அவர் கண்டித்தார். கள்ளப் பணத்தைக் காட்டிலும் அவர் உள்ளத்தைச் சுட்டது, அடிமைப்பட்ட ஆட்டக்காரர்களைக் கம்பெனி நடத்திய விதம். ஓய்வே இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஆடியவர்கள் உண்டு. பொத்தானில் பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டால் இயந்திரம் தானே ஓடிக்கொண்டிருக்கும்; பணமும் தானே போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்தும் தடுக்கவில்லை. தரகர்களின் கோடிகளைப் பற்றி உலகம் பேசிற்று. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து வீட்டு வாடகையைத் தொலைத்தவனைப் பற்றி அவ்வளவாக எவரும் பேசவில்லை. அவர் பேசினார்.

இவ்வளவும் சொல்லி, ஏற்றவர் அல்லர் என்றும் சொன்னவர், உரிமத்தை உடனே ரத்துச் செய்யச் சொல்லவில்லை. நம் படிப்பு வட்டத்தில் இதைச் சொன்னால் கூச்சல் எழும் என்பதை நான் அறிவேன். எனக்கும் முதலில் கோபம் வந்தது. ஆனால் அவர் காட்டிய காரணம் எளிதில் தள்ளக்கூடியது அன்று. ஒரே நாளில் மூடினால் பத்தாயிரம் குடும்பங்களின் வேலை போகும். காய்கறி கொடுப்பவன் முதல் துணி வெளுப்பவன் வரை, தவறு செய்யாதவர்கள் தண்டனை பெறுவார்கள். தவறு செய்தவர்களோ ஓய்வூதியத்தோடு வீட்டில் இருப்பார்கள். ஆகவே, இரண்டாண்டுக் கெடு. காசினோவுக்குள்ளேயே அரசாங்கத்தின் தனி மேலாளர் ஒருவர் உட்காருவார். எந்த அறைக்குள்ளும் போவார். எந்தக் கோப்பையும் எடுப்பார். கம்பெனியின் காரியங்களில் குறுக்கிட்டுக் கட்டளையிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

இதனோடு செய்த சட்டத் திருத்தத்தில்தான் நான் மிகுந்த அறிவைக் காண்கிறேன். முன்பெல்லாம் கம்பெனி ‘ஏற்றவர்’ என்றே கொள்ளப்படும். அல்லர் என்று காட்டும் பாரம் ஆணையத்தின் தலையில். இப்போது தலைகீழ். இரண்டாண்டு முடிவில் ‘ஏற்றவர் ஆகிவிட்டார்’ என்று ஆணையம் தெளிவாக மனநிறைவு கொண்டாலன்றி உரிமம் தானாகவே போய்விடும். ஆணையம் ஒன்றும் செய்யாமல் தூங்கினால் கம்பெனிக்கு லாபம் என்றிருந்தது, ஆணையம் தூங்கினால் கம்பெனிக்கே மரணம் என்று ஆயிற்று. ஒரே அதிகாரி, ஒரே சோம்பல். ஆனால் சோம்பலின் பயன் யாருக்கு என்பது மாறிவிட்டது! அந்த 20 கோடி ஈட்டுப் பிரிவும் சட்டத்தால் துடைக்கப்பட்டது. அபராதத்தின் எல்லை 10 லட்சத்திலிருந்து 10 கோடி டாலராக உயர்ந்தது. பழைய ஆணையத்தைக் கலைத்து, 2022 ஜனவரியில் புதிய ஆணையம் அமைத்தார்கள். அது அவ்வாண்டு மே மாதத்தில் ஓட்டல் பில் விவகாரத்துக்காக 8 கோடி டாலரும், நவம்பரில் ஆட்டக்காரர்களைக் கைவிட்டதற்காக 12 கோடி டாலரும் அபராதம் விதித்தது. 2023 ஜூலையில், கள்ளப் பணச் சட்ட மீறல்களுக்காகக் கிரவுன் 45 கோடி டாலர் கட்ட வேண்டுமென்று கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. இடையில் 2022-இல் பிளாக்ஸ்டோன் என்னும் அமெரிக்கக் கம்பெனி கிரவுனை விலைக்கு வாங்கிவிட்டது. பழைய டைரக்டர்கள் போனார்கள். 2024 மார்ச்சில் மெல்போர்ன் காசினோ மீண்டும் ‘ஏற்றவர்’ ஆயிற்று.

திருந்திய பிள்ளையின் கதை என்று இதை முடித்துவிடலாமா? முடியவில்லை. சிட்னியில் கிரவுனின் போட்டியாளர் ஸ்டார். பெர்கின் அம்மையாரின் விசாரணை அதே ஊரில் நாள்தோறும் நடந்தது. செய்தித்தாளில் பக்கம் பக்கமாக வந்தது. ஸ்டார்காரர்கள் படிக்காமலா இருந்திருப்பார்கள்? 2022-இல் ஆடம் பெல் என்னும் வழக்கறிஞர் ஸ்டாரை விசாரித்தார். பெர்கினுக்குத் துணை நின்றவர் அவரே. அங்கேயும் அதே யூனியன்பே அட்டை, அதே ஓட்டல் செலவு என்னும் பொய். தொகைதான் வேறு: சுமார் 90 கோடி டாலர். பத்துக் கோடி டாலர் அபராதம் கட்டி, உரிமம் நிறுத்திவைக்கப்பட்டு, அரசாங்க மேலாளரின் கீழ் நடந்தது அந்தக் காசினோ. 2024-இல் பெல் இரண்டாம் முறை விசாரித்தபோதும், இன்னும் ஏற்றவர் ஆகவில்லை என்றே எழுதினார்.

தம்பியின் கேள்விக்கு இப்போது என்ன சொல்வேன்? உரிமமும் சட்டமும் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆவணத்தை ஆணையிட்டுப் பெறும் அதிகாரம் ஒருவர் கையில் வந்ததும் சில மாதங்களில் உண்மை வெளியானதே, அது சட்டத்தின் வெற்றிதான். ஆனால் ‘அதிகாரிகளை வைத்துக் கண்காணித்து, வரியும் வாங்கி’ என்று அவர் ஒரே மூச்சில் சொன்னாரே, அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல என்னால் முடியாது. வரி வாங்கும் கையும் கண்காணிக்கும் கண்ணும் ஒரே உடம்பில் இருந்தால், கை கண்ணை மூடிவிடுகிறது. அங்கே நடந்தது அதுதான்.

நம் நாட்டில் சூதாட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கோவா 1976-இல் இயற்றிய சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, முதலில் ஓட்டல்களில் இயந்திரங்களுக்கும், 1996-இல் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழி திறந்தது. சென்ற விடுமுறையில் நண்பர்களோடு கோவா சென்றிருந்தேன். பஞ்சிம் நகரில், மாலைப் பொழுதில், மாண்டவி ஆற்றங்கரையில் நின்றால் அந்தக் கப்பல்கள் விளக்குகளோடு வரிசையாகத் தெரியும். கடலுக்குரிய சட்டத்தில் பிறந்தவை ஆற்றில் நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. அங்கே சூதாட்டக் கமிஷனர் என்றொரு பதவி சட்டத்தில் உண்டு. 2020-இல் அப்பதவியைக் கூடுதல் பொறுப்பாக யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? வணிக வரிக் கமிஷனருக்கு.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் கோவாவின் கணக்கை நான் பார்க்கிறேன், அண்ணா” என்றார். சட்டசபைக் கேள்வி பதில்களையும் தணிக்கை அறிக்கைகளையும் சேர்க்கத் தொடங்கிவிட்டார். அடுத்த மாத முதல் ஞாயிறு, வழக்கமான அறையில், மாலை ஐந்து மணிக்கு அவர் பேசுகிறார். பேரேடு படிக்கத் தெரிந்தவர்கள் அவசியம் வாருங்கள்.